சீஸ் துண்டு வளைவதும் குழைவதும் எதனால்?

தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு கடைகளின் குளிர்பெட்டியில் பதப்படுத்திய சீஸ் மூன்று உருவில் கிடைக்கிறது: கட்டி, மெல்லிய வில்லை, ரொட்டியில் தடவும் குழைவு. பட்டணத்தில் தோசைக்குக்கூட இதைத் துருவிப் போடுகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் நாலைந்து கறவை வைத்துக்கொண்டு, நாமும் செய்து விற்கலாமே என்று நினைப்பவர்கள் இதன் சூட்சுமத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

பாலை உறைய வைத்து, மோர்நீரை வடித்து, உப்பிட்டு, சுமார் 10 டிகிரி குளிரில் மாதக்கணக்கில் வைத்தால் சீஸ் முதிரும். அப்போது பாலிலுள்ள கேசின் என்ற புரதம் சிறிது சிறிதாக அறுபடுகிறது. இளம் சீஸில் இந்தப் புரத இழை நீளம். அதை உருக்கி ஆறவைத்தால் துண்டு ரப்பர் போல் விறைத்து நிற்கும், ஆனால் சுவை மட்டு. பல மாதம் முதிர்ந்ததில் இழை குட்டை. வாசனை தூக்கலாக இருக்கும், துண்டு நிற்காமல் குழையும். ஆகவே வில்லைக்கு இளசைக் கூட்டியும், தடவும் வகைக்கு முதிர்ந்ததைக் கூட்டியும் கலக்கிறார்கள். எருமைப்பால் சீஸ் முதிரப் பசும்பால் சீஸைவிட நாளாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீஸை வெறுமனே சூடாக்கினால் கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்துவிடும். 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் சோடியம் சிட்ரேட் சேர்த்து இதைத் தடுத்தனர். இன்று சிட்ரேட்டோ பாஸ்பேட்டோ நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு சேர்க்கிறார்கள். அது புரதத்தைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்கிறது. தளர்ந்த புரதம் கொழுப்பையும் நீரையும் பிடித்துக்கொள்கிறது. நீர் கூடக்கூடப் பதம் இளகும். நம் நாட்டு விதிப்படி பதப்படுத்திய சீஸில் ஈரம் 47 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தடவும் வகைக்கு 60 சதவீதம் வரை இடமுண்டு. புளிப்பு மிஞ்சினால் துண்டு நொறுங்கும்.

இத்தனைக்கும் அடிப்படை பால்தான். மடிநோய் கண்ட மாட்டின் பாலில் கேசின் முன்பே சிதைந்திருப்பதால் உறைகட்டி பலமாக அமையாது. மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டிருந்தால் மருத்துவர் சொன்ன கெடு முடியும்வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றக்கூடாது. மருந்து கலந்த பாலில் உறைக்கான நுண்ணுயிர் வளராது. அண்டாப் பால் முழுவதும் புளிக்காமல் கிடக்கும்.

சென்னை வெயிலில் மாதக்கணக்கில் குளிர் அறையை ஓட்ட மின்கட்டணமே முதலைத் தின்றுவிடும். சிறு விவசாயிக்கு இது கட்டுப்படியாகாத தொழில். குழுவாகச் சேர்ந்து முயல்பவர்கள் பன்னீரில் தொடங்கலாம். அதற்கு முதிர்ச்சி வேண்டாம். காலையில் திரித்ததை ஐஸில் வைத்து அன்று மாலையே அடையாறில் விற்றுவிடலாம்.