கொடி பிடிக்கும் கரங்கள்

விரைந்தோடும் பந்தயக் கார்களைத் தொலைக்காட்சியிற் கண்டு மகிழாத சிறுவர் இல்லை எனலாம். எம் மாணவர்களிற் பலர் வெற்றி பெற்ற ஓட்டுநர்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பர். ஆயின், ஓடுபாதையின் ஓரத்திலே செம்மஞ்சள் உடையணிந்து கொடியுடன் நிற்பவர்கள் யாவர் என வினவினால் விடை கிடைப்பதில்லை. அவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் இடையேயுள்ள உறவினை இக்கட்டுரையில் நோக்குவோம்.

பெரும்பணம் புரளும் உலகப் போட்டிகளை விடுத்து, பிரித்தானியாவில் வார இறுதி நாட்களில் நடைபெறும் கழகப் பந்தயங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். இவற்றில் ஓடுவோர் ஏனைய நாட்களில் தச்சராகவும் கணக்காளராகவும் ஆசிரியராகவும் தொழில் புரிபவர்கள். 1939ஆம் ஆண்டில் ஒஸ்ரின் செவன் என்னும் சிறிய காரை வைத்திருந்தோர் '750 மோட்டார் கழகம்' என்பதைத் தோற்றுவித்தனர். பிற்காலத்தில் லோட்டஸ் கார்களால் உலகப் புகழ் பெற்ற கொலின் சப்மன் அக்கழகத்தில் ஓர் உறுப்பினராக இருந்தவரே. இத்தகைய பந்தயங்களில் ஓட்டுநர் தம் சொந்தப் பணத்தில் காரைச் செப்பனிட்டு, நுழைவுக் கட்டணமும் செலுத்தி ஓடுகிறார். பரிசு பெரும்பாலும் ஒரு கிண்ணமே.

ஓட்டுநர் பணம் கொடுத்து ஓடுகிறார். தொண்டரோ பணம் பெறாது நிற்கிறார். இத்தொண்டர்களை 'மார்ஷல்' என்பர். 1957ஆம் ஆண்டில் இவர்களுக்கெனவே பிரித்தானியாவில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. தீயணைத்தல், காயமுற்றோரைக் கையாளுதல், கொடி காட்டுதல் முதலியவற்றில் இவர்கள் பயிற்சி பெற்றுப் படிப்படியாகத் தகுதி உயர்கின்றனர். போதிய மார்ஷல்கள் வந்து சேராவிடின் பந்தயம் தொடங்குவதற்கில்லை.

எமது அயலவரான ஆங்கிலேயத் தபாற்காரர் ஒருவர் இத்தகைய தொண்டர். அவரது அழைப்பின்பேரில் கென்ற் பகுதியிலுள்ள பிராண்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதைக்கு ஒரு ஞாயிறு சென்றோம். காலையிலிருந்து மழை. பார்வையாளர் பலர் தத்தம் கார்களுக்குள் ஒதுங்கிவிட்டனர். அவரோ மாலைவரை நின்ற இடத்திலேயே நின்றார்.

அங்கே நாம் கண்ட ஒரு காட்சி எம் சிந்தையைத் தொட்டது. காவலிடத்தில் இருவர் ஒருவரையொருவர் நோக்கி நின்றனர். நீலக்கொடி ஏந்தியவர் வருகின்ற கார்களைப் பார்த்தபடி நின்று, பின்னால் வேகமான கார் நெருங்குவதை ஓட்டுநருக்கு உணர்த்துகிறார். மஞ்சட்கொடி ஏந்தியவர் கார்கள் செல்லும் திசையைப் பார்க்கிறார்; விபத்து நேரின் கொடியசைத்து எச்சரிக்கிறார். எனவே, விரைந்து வரும் கார்களுக்கு அவர் முதுகு காட்டியே நிற்கவேண்டும். அவர் முதுகைக் காப்பது எதிரே நிற்பவரின் கண்களே!

மஞ்சட்கொடி அசைந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். பச்சைக்கொடியைக் காணும்வரை எவரையும் முந்துதல் கூடாது. செங்கொடி பந்தயத்தை நிறுத்துவது. இன்று பல இடங்களில் மின்னொளிப் பலகைகளும் உண்டு. ஆயினும் கொடி மறையவில்லை. மணிக்கு 100 மைல் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 45 மீற்றர் கடந்துவிடும். வளைவுக்கு அப்பால் நடப்பதை ஓட்டுநர் காணார். மார்ஷலின் கண்களே அவர் கண்கள். அதேவேளை, கவிழ்ந்த காரினருகே ஓடிச்செல்லும் மார்ஷலின் உயிரோ, அடுத்து வரும் ஓட்டுநர் அக்கொடிக்குப் பணிவதிலேயே தங்கியுள்ளது.

இப்பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1973ஆம் ஆண்டு நெதர்லாந்தின் சன்ட்வோர்ட் நகரில் நிகழ்ந்த உலகப் போட்டியில் றொஜர் வில்லியம்சன் என்பவரின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. அருகிருந்த மார்ஷல்களிடம் தீயைத் தாங்கும் உடை இருக்கவில்லை. சக போட்டியாளர் டேவிட் பேர்ளி தம் காரை நிறுத்திவிட்டு ஓடிச்சென்று தனியொருவராய்ப் போராடினார், காப்பாற்ற இயலவில்லை. அவரது துணிவுக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் கியாலமியில், தீயணைப்புக் கருவியுடன் ஓடுபாதையைக் குறுக்கறுத்த 19 வயதுத் தொண்டர் யான்சன் வான் வூரன் மீது ரொம் பிறைஸ் என்பவரின் கார் மோதியது. மேட்டுக்கு அப்பால் அவர் ஓடியதை ஓட்டுநர் அறிந்திலர். இருவருமே உயிரிழந்தனர். கருணை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

இவ்வுறவில் மனக்கசப்பும் இல்லாமல் இல்லை. கொடியை மதியாது முந்தியவரைப் பற்றி மார்ஷல்கள் அறிக்கை அனுப்புவர். தண்டனை கிடைத்தவர் சிலவேளை சினங்கொள்வார். தம்மிடம் கடிந்து பேசிய ஓர் இளைஞரைப் பற்றி அயலவர் எமக்குக் கூறினார். அடுத்த மாதமே அவ்விளைஞரின் கார் தடுப்புச்சுவரில் மோதியதாம். கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்த கைகளுள் எம் அயலவரின் கைகளும் இருந்தன. அன்று மாலை அவ்விளைஞர் காவலிடம் தேடி வந்து, நெடுநேரம் ஏதும் பேசாது நின்றாராம்.

கட்டமிட்ட கொடி வீழ்ந்து பந்தயம் முடிந்தபின் ஓட்டுநர்கள் மெதுவாக இன்னொரு சுற்று வருவர். அப்போது ஒவ்வொரு காவலிடத்தையும் நோக்கிக் கையசைப்பர். முதலாவதாக வந்தவரும் கடைசியாக வந்தவரும் அசைப்பர். மார்ஷல்களும் கைதட்டி விடைகொடுப்பர். ஊதியம் பெறாதோர்க்கு அன்று கிடைக்கும் ஊதியம் அதுவே.

மாணவச் செல்வங்களே! இன்றைய விழா மேடையில் நீங்கள் ஆடவும் பாடவும் பேசவும் போகின்றீர்கள். திரையை இழுப்போர், ஒலிவாங்கியைச் சரிசெய்வோர், நாற்காலி அடுக்குவோர் யாவரும் ஊதியமின்றி நிற்பவர்களே. பெற்றோரே, அவர்கள் தவறுவதும் உண்டு, பொறுத்தருளுக. பரிசுடன் இல்லம் திரும்புமுன் அவர்களை நோக்கி ஒருமுறை கையசைத்துச் செல்லுங்கள்.