மண்டைக்காட்டு வெயிலிலும் எஞ்சினுக்குக் குளிரும்... தெரியுமா?

மாசிக் கொடை தொடங்கிவிட்டால் மண்டைக்காட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது! 'பெண்களின் சபரிமலை' என்று பெயர் பெற்ற பகவதி அம்மன் கோவிலுக்கு இருமுடி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை ஏற்றிவரும் பழைய டீசல் வேன்களிலும், கோவில் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் பழைய லாரிகள் சிலவற்றிலும், விரல் நீளமே உள்ள ஓர் அதிசயப் பொருள் ஒளிந்திருக்கிறது. புத்தகத்தில் 'க்ளோ பிளக்'. ஒர்க்‌ஷாப்பில் 'ஹீட்டர் பிளக்'. அதற்குள் இத்தனை சங்கதியா என்று மலைத்துப் போவீர்கள்!

பனியே இல்லாத ஊரில் ஹீட்டர் எதற்கு?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கு நெருக்கென்று நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். டெம்போ டிராவலர் வேன்களில் வெகுகாலம் ஓடிய மெர்சிடஸ் வழி ஓ.எம்.616 எஞ்சினில் 21 பங்கு காற்று 1 பங்காக நசுங்குகிறது! சூடு எங்கும் கசியாவிட்டால், கணக்குப்படி அந்தக் காற்று 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் பற்றிக்கொள்ள 250 டிகிரி வாக்கிலேயே போதும். அப்புறம் ஏன் ஹீட்டர்?

சூடு கசிகிறதே, அதனால்தான்! இந்த எஞ்சின்களில் டீசல் நேராக சிலிண்டரில் விழுவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் குடைந்த சின்னஞ்சிறு முன்னறையில்தான் முதலில் பற்றுகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்த அறையின் இரும்புச் சுவர் காற்றின் சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும். விடியற்காலையில் 23 டிகிரி என்பது நமக்கு இதமான காற்று. எஞ்சினுக்கோ அதுவே குளிர்!

800 டிகிரிக்குப் போகும் ஒற்றை நுனி!

ஹீட்டர் பிளக்கின் நுனி அந்த முன்னறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் 800, 900 டிகிரிக்குச் சிவந்துவிடும். இன்றைய செராமிக் ரகங்கள் 1,300 டிகிரி வரை போகின்றன! உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். அந்தத் தூளின் குணம்தான் அபாரம்: மின்சாரத்தைத் தடுக்கும், சூட்டை மட்டும் கடத்தும்! பின்னாளில் வந்த பிளக்குகளில் இரண்டாவது சுருள் ஒன்றும் உண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடும். கரண்ட் தானாகக் குறையும். பிளக் தன்னைத்தானே எரித்துக்கொள்ளாமல் தப்பிக்கும்.

டாடா லாரியில் ஜெர்மன் நெருப்பு!

முன்னறை யோசனைக்கு 1909-இல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியின் புரோஸ்பர் லோரஞ்ச். 1936-இல் வந்த மெர்சிடஸ் 260 டி கார் அந்த வழியில்தான் ஓடியது. 1954-இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் டைம்லர் பென்சோடு கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியபோது, அதே முன்னறையும் அதே ஹீட்டர் பிளக்கும் நம் நெடுஞ்சாலைக்கு வந்தன. பழைய லேலண்ட் காமெட் லாரியைத் திறந்து பாருங்கள், இந்த இரண்டும் இருக்காது! அதில் டீசல் நேராக பிஸ்டன் தலையிலேயே பாய்கிறது. சூடு கசிய இடம் குறைவு. நம்மூர் தட்பவெப்பத்துக்கு ஹீட்டரே தேவையில்லை.

ஒன்று அவிந்தால் எல்லாம் அவிந்தது!

அந்தக் கால பிளக்குகள் கோவில் கொடைக்குக் கட்டும் சீரியல் செட் மாதிரி வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்றில் கம்பி அறுந்தால் அத்தனையும் அணைந்துவிடும்! அதனால் டேஷ்போர்டிலேயே ஒரு சின்னக் கம்பிச் சுருளை அதே வரிசையில் சேர்த்திருந்தார்கள். அது சிவந்தால் எஞ்சினுக்குள்ளும் சிவக்கிறது என்று அர்த்தம். டிரைவர் அந்த நெருப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் செல்ஃப் அடிப்பார்! இன்றைய வண்டிகளில் எரியும் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அதன் வாரிசுதான்.

டீசலுக்கு ஒரு நிமிட அஞ்சலி!

பழைய பிளக் சூடேற அரை நிமிடத்துக்கு மேலும் ஆகும். அந்தக் காத்திருப்பை ஜெர்மானியர்கள் 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்' என்று சொல்லிவந்தார்கள். டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த அந்த மனிதர் 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து போகும் கப்பலிலிருந்து காணாமல் போனவர்!

பக்கத்து ஊர் மணல் உலகத்துக்கே விளக்கேற்றியது!

சூடேறினால் ஒளிரும் பொருள் என்றதும் மண்டைக்காட்டை அடுத்த மணவாளக்குறிச்சியைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தக் கரையிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம்தான் அன்றைய கேஸ் விளக்குகளின் மேண்டிலை வெள்ளை வெளேரென்று ஒளிரவைத்தது!

ஒரு டெஸ்ட் லேம்ப் போதும்!

காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பற்றவில்லையா? பற்றியதும் வெள்ளைப் புகை தள்ளி, ஒரு சிலிண்டர் அடிக்காமல் குலுங்குகிறதா? சந்தேகம் ஹீட்டர் பிளக் மேல் விழட்டும். தனித்தனியாகக் கரண்ட் வாங்கும் பிளக் என்றால் வயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை. எரியாவிட்டால் பிளக் போய்விட்டது. மல்டிமீட்டரில் நல்ல 12 வோல்ட் பிளக் ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில்தான் காட்டும். எல்லா பிளக்கும் நல்லதாக இருந்தால் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள்.

அவசரப்பட்டால் ஹெட்டையே இறக்க வேண்டும்!

கடலோர வண்டிகளில் பிளக்கைக் கழற்றுவதுதான் பெரிய கண்டம். உப்புக்காற்று வெளியிலிருந்து திரெட்டைத் துருவேற்றும். கரி உள்ளேயிருந்து இறுக்கும். பலத்தைக் காட்டித் திருகினால் பிளக் பாதியில் ஒடியும். 12 மில்லிமீட்டர் திரெட் உள்ளது சுமார் 45 நியூட்டன் மீட்டரிலேயே ஒடியக்கூடும்! ஒடிந்த துண்டை எடுக்க ஹெட்டையே இறக்க நேரிடும். ஆகவே முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இளஞ்சூட்டிலேயே ஆழமான பாக்ஸ் ஸ்பேனரை நேராகப் பிடித்துத் திருகுங்கள். அடம்பிடித்தால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து மறுபடி எண்ணெய் விடுங்கள். துளையில் படிந்த கரியைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதைக் கையால் மாட்டி, கடைசியில் டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பிளக்கில் பொறித்திருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள்!

கழற்றிய பிளக் பேசும்!

பழையதைத் தூக்கி எறியுமுன் நுனியைப் பாருங்கள். உருகி மழுங்கியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் பிளக் அல்ல, டீசலைத் தூவலாக அடிக்காமல் ஒழுகவிடும் நாசில்தான்! அதைச் சரிசெய்யாமல் போட்டால் புது பிளக்கும் அதே கதிக்குப் போகும். நுனி உப்பியிருந்தால் அதிகச் சூடு பட்டிருக்கிறது. வோல்ட்டையும் ரிலேயையும் சோதியுங்கள். ஒன்று போயிருந்தாலும் செட்டாகவே மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒரே வயதுதானே!

ஸ்ப்ரே அடித்தால் வெடிக்கும்!

ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. சிவந்த நுனியில் அது நேரம் தவறிப் பற்றி பிஸ்டனையே உடைத்துவிடும். காற்றுக் குழாய் வாயில் தீப்பந்தம் காட்டுவதும் உயிரோடு விளையாட்டு!

கொடைக்கு முன்பே ஒரு விடியற்காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள். மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் அடியுங்கள். அந்தச் சில நொடிப் பொறுமை பேட்டரிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் ஆயுளைக் கூட்டும். நடை திறக்குமுன் அம்மன் சந்நிதியில் நிற்க வேண்டியவர்களை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும்!