சக்கரம் யார் கையில்?

முதன்முறை பாறை ஏறும் பதினேழு வயதுப் பெண்ணின் கால்களைப் பாருங்கள். விரற்கடை அகலப் பிடிப்பில் ஷூவின் நுனி மட்டும் நிற்கிறது. கெண்டைக்கால் வெடவெடவென ஆடுகிறது. மலையேறிகள் இதைத் ‘தையல் மெஷின் கால்’ என்பார்கள். மிதித்துக்கொண்டே இருக்கும், நிற்காது. கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் பயிற்சியாளர், “குதிகாலைக் கொஞ்சம் இறக்கு” என்கிறார். இறக்குகிறாள். ஆட்டம் அடங்குகிறது. பயம் அப்படியேதான் இருக்கிறது. கால் மட்டும் அவள் சொன்னபடி கேட்கிறது.

இந்தச் சின்ன விஷயத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் மூழ்கிக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறிய பிறகு திடகாத்திரமான இளைஞர்கள் சாகிறார்கள், நரைத்த மாலுமிகள் பிழைக்கிறார்கள் என்று நம்பினார் கப்பல் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட். நாஜிகளை எதிர்த்து 1933-இல் சிறைப்பட்டு, பிறகு பிரிட்டனுக்கு வந்த ஆசிரியர் கர்ட் ஹானும் அவரும் சேர்ந்து, அந்த இளைஞர்களைத் தயார்படுத்த 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பெயர் ‘அவுட்வர்ட் பவுண்ட்’: துறைமுகத்தை விட்டுக் கடலுக்குக் கிளம்பும் கப்பலுக்கு மாலுமிகள் சொல்லும் வார்த்தை. ஏறக்குறைய ஒரு மாதம் படகு, மலை, மீட்புப் பயிற்சி.

அந்த ஒரு மாதத்தின் பலன் எத்தனை நாள் தாங்கும்? ஆய்வாளர் ஜான் ஹேட்டியும் சகாக்களும் 1997-இல் இத்தகைய பயிற்சிகள் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்கள் 12,000-க்கும் மேல். வகுப்பறைத் திட்டங்களின் பலன் பொதுவாக நாளாக ஆக ஆறிப்போகும். இங்கோ பயிற்சி முடிந்து மாதங்கள் கழித்து அளந்தபோது தன்னம்பிக்கையும் சுயமாக முடிவெடுக்கும் திறனும் இன்னும் கூடியிருந்தன. அடுப்பிலிருந்து இறக்கிய பால் மேலும் சூடாவதைப் போல! எல்லா முகாமிலும் இது நடக்கவில்லை. முகாமுக்கு முகாம் பெரிய வித்தியாசம் இருந்தது. 20 நாளுக்கு மேற்பட்டவை பொதுவாகக் கூடுதல் பலன் தந்தன.

பலன் ஆறாமல் நிற்பது ஏன் என்பதற்கு ஒரு தடயம் எலிகளிடம் கிடைக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் மேயரின் சோதனைகளில் இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின் அதிர்ச்சி. ஒன்றுக்கு முன்னால் சிறு சக்கரம். அது சுழற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும். வலியின் கணக்கில் பாகுபாடே இல்லை. ஆனால் சக்கரமில்லாத எலி பிற்பாடு வேறிடத்தில் தப்ப வழியிருந்தும் முடங்கிவிடுகிறது. சக்கரம் சுழற்றிய எலியின் முன்மூளை, ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைக் கண்டுகொண்டு, மூளைத்தண்டில் அலறும் மணியை அடக்குகிறது. பின்னொரு நாள் சக்கரமே இல்லாத அதிர்ச்சி வந்தாலும் அந்த எலி எளிதில் முடங்குவதில்லை.

எலி வேறு, பிள்ளைகள் வேறு. இருந்தாலும், அழுகிற பையனை விரட்டி விரட்டி உச்சிக்கு ஏற்றி, போட்டோ எடுத்து அனுப்பும் முகாம்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சக்கரமில்லாத எலிதான் நினைவுக்கு வருகிறது. மலை அதே மலைதான்.

பாறையில் அந்தப் பெண் அடுத்த பிடியைத் தேடுகிறாள். பயிற்சியாளருக்குக் கீழிருந்தே அது தெரிகிறது: வலது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. கயிற்றின் தொய்வை மட்டும் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்கிறார்.