சிவகாசியில வெயில், சதுரகிரியில வெள்ளம்! மலைக்குக் கிளம்பும் முன் இதைப் படிச்சிடுங்க

தீபாவளி முடிஞ்சாச்சு. பட்டாசு ஆலைகளுக்கு லீவு. போனஸ் பணம் இன்னும் கொஞ்சம் கையில் மிச்சம் இருக்கு. இந்த நேரத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் 'எங்கடா போலாம்?' என்று ஒரு மெசேஜ் விழுந்தால் போதும், பதில்கள் வரிசை கட்டும். சதுரகிரி, செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில் அருவி...

சிவகாசியிலிருந்து பைக்கை எடுத்தால் மேற்கே மலை பச்சைப்பசேல் என்று தெரியும். தலைக்கு மேலே நீல வானம். ஆனால், அடிவாரத்துக்குப் போனால் வனத்துறை கேட் மூடியிருக்கும். 'ஒரு சொட்டு மழைகூட இல்லையே, எதுக்கு சார் மூடி வெச்சிருக்கீங்க?' என்று கேட்கத் தோன்றும்.

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்தில் இல்லை, மலைக்குப் பின்னால் இருக்கிறது.

நமக்கு லீவு... மழைக்கு சீசன்!

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் காலூன்றியதற்கு முக்கியக் காரணம், இங்கே மழை குறைவு என்பதுதான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து இங்கே தொடங்கினார்கள். குச்சியையும் மருந்தையும் காய வைக்க இந்த ஊர் வெயிலைவிட நல்ல மெஷின் கிடையாது.

வெயிலை நம்பி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு ஓடை என்றாலே மணலும் கருவேலமும்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் கிரிக்கெட் ஆடலாம். அதனால் 'ஓடைதானே' என்று ஓர் அலட்சியம் நமக்குள் ஊறிப்போயிருக்கு.

சிக்கல் என்னவென்றால், ஆலைகளுக்கு நீண்ட லீவு கிடைப்பது தீபாவளிக்குப் பிறகு. வடகிழக்குப் பருவமழை பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் கையில் நேரம் கிடைக்கிற அதே வாரங்களில்தான் மலையும் அதிகம் நனையுது.

மலை மழையைப் பிடிப்பது எப்படி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளப் பக்கமே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடும். தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வெறும் காற்றுதான் மிச்சம். விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பிரதேசம் ஆனது இப்படித்தான்.

அக்டோபருக்குப் பிறகு கதை தலைகீழ். காற்று வங்காள விரிகுடாவில் இருந்து ஈரத்தோடு வருது. சமவெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. நேராக வந்து வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலைச்சுவரில் முட்டுது. வேறு வழியில்லாமல் மேலே ஏறுது. ஏற ஏறக் குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் மேகமாகி மழையாகக் கொட்டுது. சிவகாசியில் மேகம் மட்டும் கடந்து போகிற நாளிலும், 30, 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையில் அடைமழை பெய்யலாம்.

இன்னொன்றும் இருக்கு. காலையில் பளிச்சென்று வெயில் அடித்தால் 'இன்னைக்கு மழை இல்லை' என்று நினைச்சுடாதீங்க. அந்த வெயிலில் சூடான காற்று மேலே எழும்பி, மலைச்சரிவில் மதியத்துக்கு மேல் இடிமேகமாகத் திரளும். மழை பிற்பகலில் தொடங்கி ராத்திரி வரை நீடிக்கும். நீங்கள் அருவியில் குளித்துவிட்டு செல்ஃபி எடுக்கிற நேரமும் அதுதான்.

'திடீர்' வெள்ளம் எங்கிருந்து வருது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஓர் ஓடைக்கு மேலே 5 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவு இருக்கு, அங்கே 60 மில்லிமீட்டர் மழை பெய்யுது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 கோடி லிட்டர்! ஏற்கெனவே நனைந்து ஊறிய மண் அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். மீதி முழுக்கப் பாறை வழியாக வழுக்கி, ஒரே ஓடைக்குள் இறங்கும். சரிவு செங்குத்தாக இருப்பதால் அது கீழே வந்து சேர ரொம்ப நேரம் ஆகாது.

2015 மே மாத அமாவாசைக்குச் சதுரகிரி ஏறிய பக்தர்கள் இப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினார்கள். பலர் உயிரிழந்தார்கள். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில், அருவியில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் வெள்ளம் பாய்ந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். இரண்டுமே கோடை மழையில் நடந்தவை. சில மணி நேரக் கோடை மழைக்கே இந்த நிலைமை என்றால், நாள் கணக்கில் நனைந்து கிடக்கும் கார்த்திகை மலையில் எப்படி இருக்கும்?

மொபைலில் எதைப் பார்க்கணும்?

போனில் தானாக வரும் வானிலை ஐகான் நீங்கள் நிற்கிற ஊருக்கானது. 'சிவகாசி 31 டிகிரி, லேசான மேகம்' என்று அது சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், மலைக்கு அது செல்லாது. இவற்றைப் பாருங்க:

* இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கை. விருதுநகரோடு தேனி, தென்காசியையும் சேர்த்துப் பாருங்க. மலை மூன்று மாவட்டத்துக்கும் பொது.
* நிறம். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது 'கனமழை'. ஆரஞ்சு, சிவப்பு என்றால் ப்ளானையே தள்ளிப்போடுங்க.
* முந்தின நாள் மழை அளவு. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு இது. வத்திராயிருப்பு, பிளவக்கல் அளவுகளைத் தேடுங்க. அங்கே நேற்று நல்ல மழை என்றால் இன்று ஓடை நிச்சயம் ஓடும்.
* 'தாமினி' ஆப். அருகில் மின்னல் விழுகிறதா என்று காட்டும்.

எந்த இடம் எப்படி?

சதுரகிரி: தாணிப்பாறையில் இருந்து ஏறும் வழியில் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று தண்ணீரைக் கடக்கும் இடங்கள் பல. ஏறும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர், இறங்கும்போது இடுப்பளவு இருக்கலாம். மழை எச்சரிக்கை வந்தால் அனுமதி ரத்தாகும். அமாவாசை, பௌர்ணமியாக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.

அய்யனார் கோயில், ராஜபாளையம்: ஆற்றைத் தாண்டிக் கோயிலுக்குப் போனவர்கள் வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொள்வதும், தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்பதும் மழைக்காலச் செய்திகளில் பழகிப்போன ஒன்று.

செண்பகத்தோப்பு: சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் வாசல். 2021 முதல் இந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் இருக்கு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது சட்டப்படி குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் செண்பகத்தோப்பும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம்.

மலையில் இருக்கும்போது மழை வந்தால்?

மழையே இல்லாவிட்டாலும் ஓடையைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து லாரி வருவதுபோல இரைச்சல் கேட்டாலோ, செருப்பையும் பையையும் தேடிக்கொண்டிருக்காமல் கரையேறிடுங்க.

எந்தக் கரையில் இருக்கீங்களோ அந்தக் கரையிலேயே மேடான இடத்துக்குப் போங்க. 'எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டுத் தாண்டிடலாம்' என்ற ஐடியா வேண்டவே வேண்டாம். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும். ஒருவர் வழுக்கினால் கோத்த கையோடு மற்றவர்களும் போவார்கள். இவை நீளம் குறைந்த, சரிவான ஓடைகள். மேலே மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தண்ணீர் வடியத் தொடங்கும். காத்திருந்தால் போதும். சிக்னல் கிடைத்தால் 112-க்கோ, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கோ அழையுங்க.

காத்திருக்கக் குளிர் விடணுமே? ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். ஈர பனியனோடு காற்றில் நின்றால் உடம்பு நடுங்க ஆரம்பிச்சுடும். மாற்றுச் சட்டை ஒன்றை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துட்டுப் போங்க. டார்ச்சும் வேணும். இது மலையின் கிழக்குச் சரிவு என்பதால் சூரியன் முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும். ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குள் இருட்டத் தொடங்கிடும். காலையில் சீக்கிரம் ஏறி, மதியம் 2 மணிக்குள் அடிவாரம் வந்து சேர்வதுதான் நல்ல ப்ளான்.

அப்போ எப்பத்தான் போறது?

டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்த பிறகு தொடங்கி ஜனவரி முழுக்க. அருவிகளில் தண்ணீர் மிச்சம் இருக்கும், மண் இறுகியிருக்கும், காற்றில் குளிர்ச்சி இருக்கும். பிப்ரவரி தாண்டினால் காடு காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீங்க.

பொங்கல் லீவுக்குள் எல்லா அருவியும் வற்றிவிடாது. அதுவரை கேட் மூடியிருந்தால் சண்டை போடாதீங்க. பக்கத்திலேயே சுற்றி வேறு பாதை தேடாதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கிட்டு ஊர் திரும்புங்க. வீட்டில் யாரும் 'ஏன் சீக்கிரம் வந்துட்ட?' என்று கோபிக்கப் போவதில்லை.