கொடுவா தங்கும் நீர்

ஒன்ராறியோவிலும் மினசோட்டாவிலும் குளிர்காலம் முற்றி ஏரிகள் உறைந்ததும், பனிக்கட்டியில் துளையிட்டு அதனூடே தூண்டில் இறக்கி வோல்ஐ என்னும் மீனைப் பிடிக்க விரும்புவோர், எந்த ஏரி, அதன் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதிலேயே பருவத்தின் பாதியைக் கழிப்பதுண்டு. ஏரிகள் ஆயிரக்கணக்கில் கிடப்பதாலும், உறைந்த பரப்பு எங்கு நோக்கினும் ஒரே தோற்றமாக இருப்பதாலும், இடம் தேரும் அறிவே அந்தத் தொழிலில் முக்கால் பங்காகக் கருதப்படுகிறது. பனிக்கட்டியை மீன் பெட்டியில் மட்டுமே காணும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதே வினா கொடுவாவைப் பற்றி எழுகிறது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மீன்கள் ஆயினும், இரண்டும் இரைகொல்லிகள். இரண்டும் மங்கிய ஒளியில் வேட்டையாடுபவை. இருளில் விளக்கு வெளிச்சம் பட்டால் இரண்டின் கண்களும் ஒளிர்பவை. கொடுவாவின் கண் செந்நிறமாக ஒளிர்வதை இரவுத் தொழிலுக்குப் போவோர் நன்கு அறிவர்.

கொடுவாவின் சுவையையோ சந்தையில் அதற்குள்ள மதிப்பையோ யாழ்ப்பாணத்து வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. லேட்ஸ் கல்காரிஃபர் என்னும் அறிவியற் பெயருடைய இம்மீன் பாரசீக வளைகுடாவிலிருந்து இந்திய, இலங்கைக் கரைகள் வழியாகத் தென்கிழக்காசியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் வட அவுஸ்திரேலியாவுக்கும் பரந்து வாழ்கிறது. அவுஸ்திரேலியர் பெருமையோடு பேசும் பாரமண்டி இதுவே. இரண்டு மீற்றர் நீளமும் 60 கிலோ நிறையும் எட்டக்கூடியது என்று நூல்கள் கூறுகின்றன. கடல்நீர், உவர்நீர், நன்னீர் ஆகிய மூன்றிலும் வாழவல்ல இந்த மீன் முட்டையிடுவதற்கு மட்டும் கடலளவு உப்புள்ள நீரை நாடியே ஆகவேண்டும் என்பதுதான், இது எந்த நீர்நிலையில் கிடைக்கும் என்ற கேள்விக்கான திறவுகோலாகும். ஏரியின் பரப்பும் ஆழமும் பிறகு பார்க்கவேண்டியவை. அந்த ஏரிக்கும் கடலுக்கும் இடையில் வழி இருக்கிறதா, இருந்தால் ஆண்டின் எந்த மாதங்களில் திறந்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக் குடாநாட்டின் நீர்நிலைகளை நோக்கினால் அவை தாமாகவே தரம் பிரிகின்றன. கோடையில் வெடித்துக் கிடக்கும் ஊர்க்குளங்கள் இந்தக் கணக்கில் சேரா. ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள யாழ்ப்பாணக் கடனீரேரி, கரையோர மக்கள் பரவைக்கடல் என்று அழைப்பது, மேற்கே தீவுகளுக்கு இடையிலான வழிகளால் பாக்குநீரிணைப் பகுதியோடு எப்போதும் தொடர்புடையது. தோசைக்கல்லில் வார்த்த மாவைப்போல் பரந்தும் மெலிந்தும் கிடக்கும் அந்த நீரில், பல இடங்களில் ஆள் நடந்து கடக்கும் ஆழமே உண்டு. தொண்டைமானாற்றில் வடகடலோடு சேர்ந்து தென்கிழக்காக நீளும் வடமராட்சி நீரேரியும், அரியாலைப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியோடு கூடும் உப்பாறு நீரேரியும், கதவு பொருத்திய அணைகளால் மறிக்கப்பட்டவை. ஆனையிறவுக்குக் கிழக்கே உள்ள நீர், வீதிக்கும் புகையிரதப் பாதைக்குமாக எழுப்பப்பட்ட அணைக்கட்டினால் மேற்கிலிருந்து துண்டிக்கப்பட்டு, மாரி மழை பெருகிச் சுண்டிக்குளத்து மணல்மேட்டை உடைக்கும் காலத்தில்தான் கீழைக்கடலைச் சந்திக்கிறது. ஆகவே ஒன்று எப்போதும் திறந்தது, இரண்டு மனிதன் திறந்தால் திறப்பவை, மற்றொன்று மழை திறந்தால் திறப்பது. கொடுவாவின் இருப்பும் இதே வரிசையில் உறுதியிலிருந்து ஐயத்துக்கு நகர்கிறது.

திறந்த நீரேரிக்குள்ளும் மீன் எங்கும் சமமாகப் பரந்திருப்பதில்லை. கொடுவா இரையைத் துரத்தி நெடுந்தூரம் ஓடும் இயல்புடையதன்று. ஏதேனும் ஒரு மறைவில் ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, நீரோட்டம் கொண்டுவரும் இறாலையும் மடவைக் குஞ்சையும் வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு உறிஞ்சி விழுங்குவது. எனவே பாலத்தூண்களின் நிழற்பக்கம், வீதிக்கு அடியில் செல்லும் மதகுகளின் வாய், கண்டல் மரங்களின் வேர்கள் நீரில் இறங்கும் விளிம்பு, ஆழமற்ற வெளியின் நடுவே ஓட்டம் அரித்து உண்டாக்கிய பள்ளம் ஆகியவையே அதன் காவல் நிலைகள். பரவைக்கடல் போன்ற ஆழமற்ற நீரில் ஒரு முழம் கூடுதலான பள்ளமும், கோடை வெயிலில் நீர் சூடேறும் வேளையில் பெரும் வேறுபாடாகிவிடுகிறது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் வற்றும் பெருக்கும் மிகுதலால் ஓட்டமும் வலுக்கும். அந்த ஓட்டம் பொழுது சாயும் வேளையோடு கூடிவரும் நாளே நல்ல நாள். சாதாளைப் படுக்கையின் ஓரத்தில் மடவைக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளிச் சிதறுவதும், இரை விழுங்கும்போது எழும் அடைத்த வெடி போன்ற ஒலியும், கருவி எதுவும் இல்லாமலே கிடைக்கும் அடையாளங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கியபின் இன்னோர் அடையாளம் சேர்கிறது: வயல்களிலிருந்து வடிந்து வரும் கலங்கிய நன்னீரும் நீரேரியின் தெளிந்த உவர்நீரும் உடனே கலந்துவிடாமல், இலேசான நன்னீர் மேலும் கனத்த உவர்நீர் கீழுமாகச் சில காலம் பிரிந்து நிற்க, அவற்றின் எல்லை நீரின் மேல் ஒரு நிறக்கோடாகத் தெரியும், நன்னீர் அடித்துவரும் சிற்றுயிர்களை நாடி இரைமீன்களும், இரைமீன்களை நாடிக் கொடுவாவும் அந்தக் கோட்டை ஒட்டியே திரியும். போர்க்காலத்தில் இரவுத்தொழில் தடைப்பட்டும், நீரேரியின் பல பகுதிகள் நெருங்க முடியாதனவாகியும் இருந்த நெடிய ஆண்டுகளில், இத்தகைய அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் வழி பெரிதும் அறுந்துபோயிற்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இந்த மீனின் வாழ்க்கையில் ஆய்வாளரை நெடுங்காலம் குழப்பிய ஒரு விந்தை உண்டு. சிறிய கொடுவாக்களை அறுத்துப் பார்த்தால் அவற்றில் பெண்மீன் அரிது. மிகப் பெரியவற்றை அறுத்தால் ஆண்மீன் அரிது. பப்புவா நியூகினியில் செய்த ஆய்வுகளை வைத்து ஆர். மூர் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதற்கான விடையைத் தெளிவாக நிறுவியது: கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் ஆணாகவே இனப்பெருக்கத்தில் பங்குகொண்டு, பிறகு பெண்ணாக மாறுகிறது. மூன்று நான்கு வயதில் ஆணாக முதிரும் மீன், பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள், ஏறத்தாழ 80 அல்லது 90 சென்ரிமீற்றர் நீளத்தை அடையும்போது, ஓர் இனப்பெருக்கப் பருவம் முடிந்த கையோடு விந்துச் சுரப்பியின் இழையங்கள் சுருங்க, அதே உறுப்பில் சூல் இழையங்கள் வளர்ந்து, அடுத்த பருவத்துக்குத் தாயாகத் தயாராகிவிடுகிறது. ஆசிய நீர்களில் சில மீன்கள் ஆண்நிலையைக் கடக்காமல் நேரே பெண்ணாக வளர்வதும் அறியப்பட்டுள்ளமையால், இதை விலக்கே இல்லாத விதியாகக் கொள்ளக்கூடாது. ஆயினும் பெருவழக்கு இதுவே.

இயற்கை ஏன் இப்படி அமைத்தது என்பதற்கு உயிரியலார் தரும் விளக்கம் எளிமையானது. விந்து உற்பத்தி செய்யச் சிறிய உடல் போதும். முட்டையோ உடலின் கொள்ளளவைப் பொறுத்தது. பெரிய தாய்மீன் ஒன்று ஒரே பருவத்தில் கோடிக்கணக்கான முட்டைகளை இடக்கூடும். ஆகவே உடல் சிறுத்திருக்கும் காலத்தில் தந்தையாகவும், பெருத்தபின் தாயாகவும் இருக்கும் மீன், வாழ்நாள் முழுவதும் ஒரே பாலாக இருப்பதைவிடக் கூடுதலான சந்ததியை விட்டுச்செல்கிறது. முட்டையிடும் வேளையையும் அது நீரோட்டத்தை அறிந்தே தேர்கிறது; பௌர்ணமி, அமாவாசை நாட்களை ஒட்டி, நீரேரியின் வாயருகே, பெருக்கு உள்ளே ஏறத் தொடங்கும் நேரத்தில் இடப்படும் முட்டைகள் அந்தப் பெருக்கோடே உள்ளே மிதந்துசென்று, ஒரு நாளுக்குள் பொரித்து, குஞ்சுகள் கண்டல் காடுகளிலும் மழைநீர் தேங்கும் சதுப்புகளிலும் ஒதுங்குகின்றன. இதே ஒழுங்கைச் செயற்கையாக உருவாக்க மீன்பண்ணையாளர் பட்ட பாடு சிறிதன்று. தாய்லாந்தில் 1970களில் கைகூடிய குஞ்சு உற்பத்தி இந்தியாவில் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்கு 1997இல்தான் கைகூடியது. தாயாக மாறும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்வது ஒரு தொல்லை என்றால், குஞ்சுகள் தம் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள உடன்பிறப்புகளையும் விழுங்கிவிடுவதால், அவற்றை இடைவிடாது அளவுவாரியாகப் பிரித்து வைக்கவேண்டியிருப்பது இன்னொரு தொல்லை.

இந்த விந்தையின் விளைவு சந்தையில் வந்து நிற்கிறது. மீன்சந்தையில் பலரும் சுற்றி நின்று பார்க்கும் ஒரு மீற்றர் கொடுவா பெரும்பாலும் பெண். அதைப் பிடித்ததைப் பெருமையாகப் பேசுவது, வித்துக்கு வைத்த நெல்லைச் சோறாக்கியதைப் பெருமை பேசுவதாகவே முடியும். மிகச் சிறியதைப் பிடிப்பதோ தந்தையாவதற்கு முன்பே எடுத்துவிடுவது. உள்நுழையும் மீன் அளவு பாராமல் சிக்கிக்கொள்ளும் தங்கூசி வலை இலங்கையில் தடைசெய்யப்பட்டது என்பது எல்லோரும் அறிந்ததாயினும், தடை எழுத்தில் இருப்பதும் வலை நீரில் இருப்பதும் ஒருங்கே தொடர்கின்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் எடுக்கலாகாது என்று இரு முனையிலும் எல்லை வகுத்து, முட்டையிடும் பருவத்தில் குறித்த மாதங்களுக்குத் தொழிலையும் நிறுத்திவைக்கிறது. ஒன்ராறியோவின் பல பகுதிகளில் வோல்ஐ மீனுக்கும் பெரியவற்றில் ஒன்றுக்கு மேல் எடுக்க இயலாதவாறு விதி உண்டு. நடுவளவு மீனை உண்டு, பெரியதை விட்டுவிடும் இந்த முறை, பெரியதே சிறந்தது என்று பழகிய கண்ணுக்கு முதலில் விபரீதமாகவே தோன்றும். அளவு குறித்த விதியை ஏட்டில் எழுதுவது எளிது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் செலவை ஈடுசெய்யும் மீனைத் திரும்ப நீரில் விடும்படி தொழிலாளியிடம் மட்டும் கோருவதும், விலை கொடுத்து அதை வாங்குவோரிடம் எதையும் கோராமல் விடுவதும் நீதியாகாது.

அணைகளுக்குத் திரும்பினால், அங்கேயும் மீனின் இனப்பெருக்கத்தைக் கருதாத இதே கவனக்குறைவு வேறு வடிவில் காணப்படுகிறது. மழைநீரை நீரேரிகளில் தேக்கி, கடல்நீர் உட்புகுவதைத் தடுத்து, சுண்ணாம்புப் பாறையில் உள்ள நிலத்தடி நீரை நன்னீராக்குவதும், உவர்ந்த வயல்களை மீட்பதும் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த உயரிய நோக்கங்கள். கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவு நீரேரியிலிருந்து முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவர, பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம், யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற பெயரால் இன்றும் பேசப்படுகிறது. கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டுக்கு அதன் தேவையை மறுப்பதற்கில்லை. எனினும் இத்திட்டங்களைப் பற்றிய வாதங்கள் உழவரின் நீர், குடிநீர், வெள்ளம் ஆகிய மூன்றையும் சுற்றியே நிகழ்கின்றன. கதவு மூடியிருக்கும்போது வெளியே நிற்கும் குஞ்சு எங்கே போகும், உள்ளே பருத்த மீன் முட்டையிட எப்படி வெளியேறும் என்பவை அரிதாகவே எழுகின்றன. பொறியியலாளர் குறையாகக் கருதும் கதவுக் கசிவு, மீனைப் பொறுத்தவரை எஞ்சியிருந்த ஒரே வாசலாக இருந்திருக்கவும் கூடும். கங்கையில் 1975இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணைக்கு மேலே இலிஷ் மீன் ஏறக்குறைய மறைந்துபோனதை அறிந்த பின்பும் இக்கேள்வியைத் தவிர்ப்பது ஏற்கத்தக்கதன்று.

தீர்வு இல்லாத சிக்கலும் அன்று இது. குயின்ஸ்லாந்தின் ரொக்ஹாம்ப்ரன் நகரில் ஃபிற்ஸ்றோய் ஆற்றின் குறுக்கே 1970இல் கட்டிமுடிக்கப்பட்ட அணையும் இதேபோல் உவர்நீரை மறித்து நன்னீரைத் தேக்குவதுதான். அதில் முதலில் வைக்கப்பட்ட மீன்படி, அதாவது மீன்கள் தொட்டிக்குத் தொட்டி தாவி ஏறும் படிவரிசை, துள்ளி ஏறும் குளிர்நாட்டு சல்மன் மீன்களை மனத்திற்கொண்டு உருவான மாதிரி. துள்ளி ஏறும் பழக்கமில்லாத பாரமண்டிக்கு அது பயன்படவில்லை. 1994இல் அதை மாற்றி, ஒவ்வொரு தொட்டியின் சுவரிலும் மேலிருந்து அடிவரை செங்குத்தான ஒடுங்கிய வெட்டு அமைத்து, எந்த ஆழத்திலும் நீந்தியே கடக்கும்படி செய்தபின், பாரமண்டி உட்படப் பலவகை மீன்கள் அதன் வழியே மேலேறுவது பதிவாயிற்று. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணையின் இரு பக்க நீருக்கும் இடையே உள்ள மட்ட வேறுபாடு அந்த ஆற்றில் உள்ளதைவிடச் சிறியது; கதவுகளைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அத்தகைய வெட்டு ஒன்றைச் சேர்ப்பதும், வெள்ளம் வடிக்கத் திறக்கும் நாளைப் பௌர்ணமி அல்லது அமாவாசைப் பெருக்கோடு இயன்றவரை பொருத்துவதும், உழவர் தேக்கும் நீரைப் பெரிதும் குறைக்காமலே செய்யக்கூடியவை.