கட்டை அவிழ்க்கும் முன்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு மாடிவீடு என்று வைத்துக்கொள்வோம். கட்டிலுக்கடியில் ஒரு ரங்குப்பெட்டி. ஊரை விட்டு வெளிக்கிட்டபோது உடுப்புகளைக்கூட விட்டுவிட்டு இதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் அந்த வீட்டு அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வருடம் காலமாகிவிட்டார். மகள் ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறார், மகன் மெல்பேணிலிருந்து. இரண்டு கிழமை லீவுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். பெட்டியைத் திறக்கிறார்கள்.

மேலே காணி உறுதிகளும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும். அவற்றின் கீழே, பழைய சேலைக் கரையால் கட்டிய ஒரு கடிதக் கட்டு. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த தகப்பனார் எழுதியவை. ஊர் வாசிகசாலையின் கூட்டக் குறிப்புக் கொப்பி. வானொலிக்கு எழுதிய நாடகப் பிரதிகள். நாலைந்து கல்வெட்டுகள், முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கும் நினைவு மலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பற்றுச்சீட்டுகள், படங்கள்.

பிள்ளைகள் நல்ல மனதோடுதான் அடுக்கத் தொடங்குகிறார்கள். கடிதங்கள் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம், பற்றுச்சீட்டுகள் குப்பைக்கு. ஒரு மணித்தியாலத்தில் பெட்டி துப்புரவாகிவிடும். அந்த ஒரு மணித்தியாலத்தில் தொலைந்துபோவதை அதன்பின் எந்த அறிஞராலும் மீட்க முடியாது.

என்ன தொலைந்தது? கடிதக் கட்டின் நடுவே, இரண்டு கடிதங்களுக்கிடையில், கூரை ஓடு வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்று செருகியிருந்தது. முன்னால் இருந்த கடிதத்தில் தகப்பனார் காசுக்கட்டளை அனுப்பியதாக எழுதியிருக்கிறார். பின்னால் இருந்ததில் வாசிகசாலைக்குக் கூரை போட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால், மலாயாச் சம்பளம் ஊரில் ஒரு வாசிகசாலையாக எழுந்த கதை. பற்றுச்சீட்டைத் தனியே எடுத்து வைத்தால் அது வெறும் ஓட்டுக் கணக்கு. தாள் அதேதான். இருந்த இடம் போனதும் அதன் பேச்சும் போய்விட்டது.

ஆவணக் காப்பகங்களில் வேலை செய்பவர்களின் முதல் பாடம் இதுதான். நூலகரின் தொழிலிலிருந்து இவர்கள் தொழில் பிரிவதும் இந்த இடத்திலேயே. புத்தகம் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். முகப்புப் பக்கத்தில் பெயர், ஆசிரியர், ஆண்டு எல்லாம் அச்சில் இருக்கும். விவசாயப் புத்தகத்தை விவசாயத் தட்டில் வைப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது. கடிதமோ கணக்குக் கொப்பியோ அப்படியில்லை. அது ஒரு வேலையின் நடுவில் பிறந்தது. யார், எந்த அலுவலுக்காக, எதற்குப் பதிலாக எழுதினார் என்பதை அக்கம்பக்கத்துத் தாள்கள்தான் சொல்ல வேண்டும். அதோடு, புத்தகத்துக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்கக்கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் அச்சு நூல்கள் சிலவற்றையாவது தேடிப் பிடிக்க வழியிருந்தது. ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிக்கு அந்த வழியும் இல்லை.

இந்தப் பாடத்தை உலகம் பட்டுத்தான் கற்றது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பாரிஸின் தேசிய ஆவணக் காப்பகத்தில், பல அலுவலகங்களிலிருந்து வந்த தாள்களைப் பிரித்துப் பொருள்வாரியாகக் கலந்தார்கள். எது எங்கிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. 1841இல் நத்தாலிஸ் த வைய்யி என்பவர் வரைந்த சுற்றறிக்கை ஒன்று பிரான்சில் வழியைத் திருப்பியது: ஒரு நிறுவனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ ஆளிடமிருந்தோ வந்தவை ஒன்றாகவே இருக்க வேண்டும், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இதை மூல விதி எனலாம். 1898இல் முல்லர், ஃபைத், ஃப்ரௌன் என்ற மூன்று ஒல்லாந்தர்கள் நூறு விதிகள் கொண்ட கைநூல் ஒன்றை எழுதி, இன்னோர் அடியும் வைத்தார்கள். ஒன்றாக வைத்தால் மட்டும் போதாது, உரியவர்கள் அடுக்கியிருந்த ஒழுங்கையும் குலைக்கக் கூடாது என்றார்கள்.

ஒல்லாந்தர் என்றதும் கொழும்புக்காரருக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். 1796இல் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நிர்வாக ஏடுகள் இங்கேயே தங்கிவிட்டன. இன்று கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. தட்டில் வரிசையாக நிறுத்தினால் ஏறத்தாழ 300 மீற்றர் நீளம். எம். டபிள்யூ. யூரியான்சே தயாரித்து 1943இல் வெளியான பட்டியல்தான் இன்றும் அவற்றுக்குள் நுழையும் வாசல். 1640 முதல் 1796 வரையான அந்த ஏடுகளைக் கறுவா, யானை, சாதி, சமயம் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. ஆலோசனைச் சபையின் தீர்மானங்கள் ஒரு வரிசை, கம்பனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து இன்னொரு வரிசை என்று, எழுதிய அலுவலகத்தின் வேலை எப்படி ஓடியதோ அப்படியே நிற்கின்றன. கறுவாவைப் பற்றித் தேடுபவர், கறுவாவைப் பற்றி அந்த நிர்வாகத்தில் யார் யாருக்கு எழுதியிருப்பார் என்று முதலில் யோசிக்க வேண்டும். சிரமம்தான். ஆனால் கிடைக்கும்போது ஒற்றைத் தாளாகக் கிடைக்காது. கேள்வியும் பதிலும் தீர்மானமும் சேர்ந்து கிடைக்கும்.

தோம்புகளும் அங்கே உண்டு. போர்த்துக்கேயர் தந்த சொல் அது. ஒரு தோம்பில் குடும்பத்து ஆட்கள் பெயர் பெயராக. இன்னொன்றில் அவர்களுடைய தோட்டமும் வயலும். சேர்த்து வாசித்தால் ஒரு வீடு கண்முன் எழும்பும். பிரித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெயர்ப்பட்டியலும் ஒரு நிலப்பட்டியலும்தான்.

சரி, அடுக்கியாயிற்று. இனி விவரிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் மலைத்துப்போவார்கள், இத்தனை ஆயிரம் தாளையும் ஒவ்வொன்றாக எழுதுவதா என்று. தேவையில்லை. மேலிருந்து கீழே இறங்க வேண்டும். பெட்டி முழுவதும் ஒரு தொகுதி. அதற்குள் மலாயாக் கடிதங்கள் ஒரு வரிசை, நாடகப் பிரதிகள் ஒரு வரிசை. வரிசைக்குள் கோப்புகள், கோப்புக்குள் தனித் தாள்கள். ஆளின் கதையைத் தொகுதி மட்டத்தில் ஒருதரம் சொல்லிவிட்டால் கீழே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாப் பெட்டிகளுக்கும் மேல்மட்ட விவரம் எழுதி முடித்த காப்பகம், ஒரே ஒரு பெட்டியைத் தாள் தாளாக எழுதிவிட்டு மற்றவற்றை இருட்டில் போட்டிருக்கும் காப்பகத்தைவிட எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

இதற்கான சர்வதேச விதிமுறை 1994இல் வந்தது. ஐசாட் ஜீ என்று சுருக்கிச் சொல்வார்கள். 2000இல் வெளியான இரண்டாம் பதிப்பில் விவரக் கூறுகள் 26. ஆனால் கட்டாயம் என்று அது கேட்பது ஆறே ஆறு: குறியீட்டு எண், தலைப்பு, ஆக்கியவர், காலம், அளவு, எந்த மட்டம். நம் பெட்டிக்கு எழுதிப் பார்ப்போம். ஆசிரியையின் பெயரில் ‘குடும்பத் தாள்கள்’ என்று தலைப்பு, ஆக்கியவர் அவரும் அவருடைய தகப்பனாரும், மிகப் பழைய தாளின் ஆண்டிலிருந்து மிகப் புதிய தாளின் ஆண்டு வரை காலம், ஒரு பெட்டி, அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு, மட்டம் தொகுதி, ஓர் எண். ஒரு பின்னேரத்து வேலை. அதன்பின் உலகத்தின் எந்த மூலையிலிருந்து தேடினாலும் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பெயர் விடயத்தில்தான் தமிழ் ஆவணங்கள் உண்மையாகவே கஷ்டம் தரும். கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பின்னர் கணவன் பெயரின் முதலெழுத்து, வானொலிக்கு ஒரு புனைபெயர், ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல். ஒரே பெண் நாலு ஆட்களாகத் தெரிவார். அதனால் ஆளுக்கென்று தனியாக ஒரு பதிவு எழுதி, எல்லாப் பெயர்களையும் அதில் சேர்த்து, தாள்களை அதோடு இணைப்பார்கள். இடங்களுக்கும் அப்படித்தான். கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் நிற்கும் வுல்ஃபெண்டால் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1749இல் கட்டத் தொடங்கி, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே குவாதலூப்பே மாதாவின் பெயரில் இருந்த கோயிலின் பெயரை, ஒல்லாந்தர் ‘ஓநாய் நீர்’ என்று பிழையாக விளங்கிக்கொண்டு ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ ஆக்கிவிட்டார்கள் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் கதை. குவாதலூப்பே என்று தேடுபவரையும் வுல்ஃபெண்டால் என்று தேடுபவரையும் ஒரே மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது விவரிப்பவரின் பொறுப்பு.

பெட்டியில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாசிகசாலைக் கூட்டக் குறிப்புக் கொப்பி யாருடையது? ஆசிரியை செயலாளராக இருந்தபடியால் அவரிடம் தங்கிவிட்டது. எழுதியது அவர் கைதான். ஆனால் பேசியது வாசிகசாலை. ஆகவே ஆக்கியவர் வாசிகசாலை. அதற்காகக் கொப்பியைப் பிடுங்கி வேறிடத்தில் வைக்கவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே வைத்து, வாசிகசாலைக்கு ஒரு பதிவு எழுதி, இரண்டையும் தொடுத்துவிட்டால் போதும். ஊரில் கட்டடமே இல்லாமல் போன எத்தனையோ வாசிகசாலைகளும் சங்கங்களும் இப்போது இப்படி யாரோ ஒருவரின் பெட்டிக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கும். கொழும்பில் 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு பெட்டியையும் பறிகொடுத்தவர்களை நினைத்தால், தப்பி வந்த ஒவ்வொரு கொப்பியின் மேலும் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

‘ஸ்கான் பண்ணிவிட்டால் சரிதானே’ என்று பலர் கேட்பார்கள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் இணையத்தளம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் மின்வடிவில் தந்து எங்கள் வாசிப்பையே மாற்றிவிட்டது. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண், ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்று விவரம் இருக்கிறது. அந்த விவரத்தால்தான் படம் ஆவணமாகிறது. விவரமில்லாமல் தொலைபேசியில் எடுத்த 400 படங்கள், பெயரில்லாத எண்களாக ஒரு கணினியில் கிடந்தால், அது இன்னொரு ரங்குப்பெட்டிதான். பூட்டு மட்டும் இன்னும் இறுக்கமானது.

எல்லாவற்றையும் உடனே திறந்துவிடவும் கூடாது. உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கம், யுத்த காலத்துப் பெயர்கள், வழக்கிலிருக்கும் காணிகள் பெட்டியில் இருக்கலாம். இன்ன கோப்பு இன்ன ஆண்டு வரை மூடியிருக்கும் என்று விவரத்திலேயே எழுதி வைப்பது காப்பகங்களின் வழமை. இருப்பதை மறைக்காமல், திறக்கும் நாளை மட்டும் தள்ளிவைப்பது நேர்மையான ஏற்பாடு.

ஆகவே அந்த மகளிடமும் மகனிடமும் கேட்பது இவ்வளவுதான். கை வைக்கும் முன் திறந்த பெட்டியை அப்படியே ஒரு படம் எடுங்கள். மேலிருந்து கீழாக என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். கடற்காற்றில் கறள் பிடித்த குண்டூசிகளை மெல்லக் கழற்றலாம். ஆனால் அவை சேர்த்துப் பிடித்திருந்த தாள்களைப் பிரிக்க வேண்டாம். செலோடேப், லமினேற்றிங் இரண்டும் வேண்டவே வேண்டாம். எண் போடுவதென்றால் பென்சிலால், பின்பக்க மூலையில். படத்தில் நிற்பவர்களைத் தெரிந்த பெரியம்மா ஒருவர் கொட்டாஞ்சேனையில் இன்னும் இருந்தால், இந்தக் கிழமையே படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயர்களை, தடுமாறிச் சொல்லும் பெயர்களையும் சேர்த்து, அவர் சொன்னார் என்றே எழுதுங்கள்.

அப்படிச் செய்தால், கடிதக் கட்டின் விவரத்தில் ஒரு வரி இருக்கும்: கோப்பு 2, தாள் 14, கூரை ஓடு வாங்கிய பற்றுச்சீட்டு, 13ஆம் 15ஆம் கடிதங்களுக்கிடையில் இருந்தது.