கார் ஓட வழி கிடைத்தது. பாடை போக வழி எங்கே?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாட்கள் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாள்தோறும் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிற சாலைகளை இணைத்து, சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குத் தடம் அமைத்தார்கள். சாலையைப் புதிதாகப் போட்டார்கள். இருபுறமும் கான்கிரீட் தடுப்பு வைத்து, அதன்மேல் கம்பி வலை கட்டினார்கள். இரவைப் பகலாக்கும் விளக்குகள் எரிந்தன. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்னக் கார்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்தன.

கார் பந்தய வீரர்கள் ஏறவேண்டிய படிகளில் ஃபார்முலா 4 கீழ்ப்படி. 15 வயதிலிருந்தே இதில் ஓட்டலாம். உச்சியில் இருப்பது ஃபார்முலா 1. அந்த உச்சிக்குப் போன இந்தியர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். ஆகவே இந்த விளையாட்டு தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே கட்டிய தடம் இருக்கிறது.

மக்கள் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். தனித் தடம் இருக்கும்போது ஊருக்கு நடுவே இருக்கும் சாலை எதற்கு?

மக்கள் கேட்டவை

இந்தப் பந்தயம் முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வீட்டுக்குள் வந்த தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை. பந்தயம் தள்ளிப்போனது. பால் பாக்கெட்டுக்கும் குடிதண்ணீருக்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு, அடுத்த வாரம் அதே ஊரில் கார் பந்தயம் நடக்க இருந்தது என்பதே எரிச்சலாக இருந்தது. மழைநீர் வடிகால் முடியாத ஊரில் இதற்கு அவசரம் என்ன என்று கேட்டார்கள்.

அடுத்த கேள்வி மருத்துவமனை பற்றியது. பந்தயத் தடத்தை ஒட்டி ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை இருக்கிறது. கூவத்துக்கு அந்தப் பக்கம் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் முடியாது என்று சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பும்போது நம் ஊர்க்காரர்கள் போய் இறங்குகிற இடங்கள் இவை. சத்தமும் போக்குவரத்து மாற்றமும் நோயாளிகளைப் பாதிக்கும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன.

மூன்றாவது கேள்வி பணம். பந்தயத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து நடத்தின. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு பந்தயத்துக்கு அனுமதி தந்தது. ஆனால் அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனம் அரசுக்குத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொன்னது. மேல்முறையீட்டில், 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்த 42 கோடி உத்தரவை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி கேள்வி முடிந்தது. மக்கள் மனதில் முடியவில்லை.

அரசுத் தரப்பிலும் நியாயம் சொன்னார்கள். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடத்தியதுபோல இதுவும் தமிழ்நாட்டின் பெயரை உலகுக்குக் கொண்டுபோகும், சுற்றுலா வளரும், இளைஞர்களுக்குப் புதிய விளையாட்டில் ஆர்வம் வரும் என்றார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் மகிழ்ந்ததும் உண்மை. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

பக்கத்து ஐதராபாத்தின் அனுபவம் வேறு மாதிரி போனது. அங்கே 2023 பிப்ரவரியில் உசேன் சாகர் ஏரிக்கரைச் சாலைகளில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. ஆட்சி மாறியது. 2024-இல் நடக்கவேண்டிய பந்தயம் ரத்தானது. சுமார் 55 கோடி ரூபாய் கொடுத்த விதத்தில் முறைகேடு என்று முன்னாள் அமைச்சர் கே.டி. ராமாராவ் மீது ஊழல் தடுப்புப் பிரிவு வழக்கு பதிந்தது. அவர் அதை மறுக்கிறார். பந்தயம் முடிந்தது ஒரே நாளில். கணக்குப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

நூறு ஆண்டுக்கு முன்

போக்குவரத்து, சத்தம், பணம் ஆகிய மூன்றும் சரியான கேள்விகள். நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பந்தயத் தடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டை இருக்கிறது. அந்தக் கோட்டைக்குள் கூடிய சென்னை மாகாண சட்டமன்றத்தில், 1924-ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்தச் சாதியாரும் நடந்து போகலாம், பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாம் எல்லோருக்கும் உரியவை என்பதுதான் அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசு ஆணையாகவும் வெளிவந்தது.

அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டார். கோயிலுக்குள் நுழைவதற்கு முந்தைய கோரிக்கை அது. வெறும் தெருவில் நடப்பதற்கே மனிதர்கள் அடிபட்டுச் சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

சீனிவாசன் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்து சரியாக நூறாவது ஆண்டில், அதே கோட்டையின் பக்கத்துச் சாலை கார் பந்தயத்துக்காக அடைக்கப்பட்டது. இரண்டு நாள் அடைத்ததால் யாருடைய உரிமையும் பறிபோய்விட்டது என்று சொல்ல வரவில்லை. சாலையை யாருக்காக அடைக்கிறோம், யாருக்காகத் திறக்கிறோம் என்று பார்த்தால் நாட்டின் நிலை தெரியும் என்பதுதான் நாம் சொல்வது.

ஆற்றங்கரையில் இருந்தவர்கள்

தீவுத்திடலுக்குப் பக்கத்தில் கூவம் கரையோரம் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. சத்தியவாணி முத்து யார் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றவர், பின்னர் மத்திய அமைச்சராகவும் ஆன தலித் தலைவர். அவர் பெயரில் இருந்த அந்தக் குடியிருப்பின் குடும்பங்களை 2019 டிசம்பரிலிருந்து அங்கிருந்து அகற்றத் தொடங்கினார்கள். கூவம் சீரமைப்பு, வெள்ள அபாயம் ஆகியவை சொல்லப்பட்ட காரணங்கள். நகருக்கு வெளியே வெகு தூரத்தில், பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகள் இடம் மாறினார்கள். வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் நடந்தே போனவர்கள், அதே வேலைக்கு இரண்டு பஸ் ஏறி வரவேண்டியதாயிற்று. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு என்று இருப்பதை நகரமும் தன் பாணியில் செய்துகொள்கிறது.

பந்தயத்துக்காக அவர்களை அகற்றவில்லை. அதற்குப் பல ஆண்டு முன்பே அகற்றிவிட்டார்கள். ஆனால் மக்கள் குடியிருக்கத் தகாதது என்று சொன்ன ஆற்றங்கரையின் பக்கத்திலேயே பார்வையாளர் மாடம் போடமுடிகிறது. அங்கிருந்து போனவர்கள் டிக்கெட் வாங்கினால்தான் அந்தச் சாலையை எட்டிப்பார்க்க முடியும் என்ற நிலை இரண்டு நாளாவது இருந்தது.

நடைபாதையில் உட்கார்ந்தவர்கள்

பந்தயம் முடிந்து ஓராண்டுகூட ஆகாத 2025 ஆகஸ்ட் மாதம். தீவுத்திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் துப்புரவுப் பணியைத் தனியாருக்குத் தருவதை எதிர்த்தும், பணி நிரந்தரம் கேட்டும் நடந்த போராட்டம் அது. பெரும்பாலோர் தலித் பெண்கள். வெயிலிலும் மழையிலும் 13 நாள் இருந்தார்கள். நடைபாதையை மறித்துப் போராடுவதால் பொதுமக்களுக்கு இடையூறு என்று வழக்கு வந்தது. அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள்.

பொதுச் சாலைக்கு இடையூறு என்ற அதே சொல் இரண்டு இடத்திலும் வந்தது. பந்தயத்துக்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அந்தச் சாலையைத் தினமும் பெருக்குகிறவர்களுக்கு நள்ளிரவில் வேன்தான் வந்தது. இரண்டு வழக்கும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. சட்டக் காரணங்கள் வேறு வேறு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சாமானியனுக்குச் சந்தேகம் வந்தால், அவனைக் குறை சொல்ல முடியாது.

நம் ஊர்ச் சாலை

இனி சென்னையை விட்டு நம் பக்கம் வருவோம்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் தலித் ஒருவர் இறந்தார். சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்ற சாதியாரின் நிலத்தில் இருந்தது. வழி விடவில்லை. உறவினர்கள் பாலாற்றுப் பாலத்தின்மேல் நின்று, உடலைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. நேப்பியர் பாலத்தின்மேல் கார் பறந்தது 2024-இல். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு பாலாற்றுப் பாலத்திலிருந்து பிணம் தொங்கியது. இரண்டும் ஒரே மாநிலத்துப் பாலங்கள்தான்.

மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் பொதுப் பாதையை மறித்து எழுப்பிய தீண்டாமைச் சுவர் பல ஆண்டு நின்றது. 2008 மே மாதம்தான் அதன் ஒரு பகுதியை அதிகாரிகள் இடித்தார்கள்.

வண்டி என்று வந்தால் அதையும் சொல்லவேண்டும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் வண்டி ஓட்டியதற்காகவே வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். தலைநகரில் 15 வயதுப் பையன் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் கைதட்டு. ஊரில் தலித் பையன் சொந்த வண்டியில் வீட்டுக்கு வந்தால் அரிவாள்.

சட்டம் என்ன சொல்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாத இடங்களில் கிணறு, குளம், படித்துறையோடு சாலையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பாதையில் போகவிடாமலும் சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமலும் தடுப்பது குற்றம். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல், செருப்பு அணியவிடாமல், கல்யாண ஊர்வலம் போகவிடாமல் தடுப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமையைச் சட்டத்தில் எழுதவேண்டிய நாடு இது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கட்டும்.

கார் பந்தயம் நமக்குக் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. அரசு நினைத்தால் சாலை போடமுடியும். தடுப்பை எடுக்கமுடியும், வைக்கமுடியும். போலீஸை நிறுத்தமுடியும். கோடிக்கணக்கில் பணமும் கிடைக்கும். நீதிமன்றம் வரை போய் வாதாடவும் ஆள் இருக்கும். அப்படியானால் சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் நிதி இல்லை, பட்டா நிலம், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லும் காரணங்களை இனி அப்படியே ஏற்கவேண்டியதில்லை.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் காலனிக்குத் தார்ச்சாலை எப்போது? சுடுகாட்டுப் பாதை வருவாய்க் கணக்கில் பாதையாகப் பதிவாகியிருக்கிறதா? மழைக்காலத்தில் பிணம் எடுத்துப்போக வழி இருக்கிறதா? தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை உட்காராதீர்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். படித்த பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களுக்கு எழுதிக்கொடுங்கள்.

நூறு ஆண்டுக்கு முன் கோட்டைக்குள் எழுந்து நின்று ஒருவர் கேட்டதால்தான் தெரு எல்லோருக்கும் உரியது என்று காகிதத்தில் ஏறியது. அதைத் தரையில் கொண்டுவருவது நாம் எழுந்து நிற்பதில் இருக்கிறது.